நீள சைக்கிளின் பின் சீட்

ஏரிக்கரை விடுதி,
ஜூன் 14, ஞாயிறு மாலை

என் அன்பானவருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் வைக்க முடியாது, படித்துக் காட்டும் உங்கள் அக்கா விடமாட்டார். அக்கா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மடியில் வைத்து எழுதுகிறேன், கால் இரண்டும் தண்ணீருக்குள் இருக்கின்றன. எழுத்து கொஞ்சம் ஆடும்.

இன்று எங்கள் மூவருக்கும் சைக்கிள் மிதிப்பதிலிருந்து ஓய்வு. நீங்கள் போட்டுக்கொடுத்த வழிப்படி மலையடிவாரம் வரை போயிருக்க வேண்டும். டீச்சர் காலையில் வரைபடத்தை விரித்தார். நானும் பேக்கரிக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். டீச்சர் அதை மடித்துவிட்டு, "பூகோளம் எங்கயும் ஓடிப் போகாது, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். பணிக்காலம் முழுக்கப் பூகோளம் நடத்தியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பேக்கரிக்காரரின் மனைவி போன வாரமே பஸ் ஏறிவிட்டார். மகளுக்குச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே பிரசவமாகிவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம். அன்றிலிருந்து இந்த மனிதர் இரண்டு பேர் மிதிக்க வேண்டிய அந்த நீள சைக்கிளைத் தனியாக மிதித்துக்கொண்டு வருகிறார். பின் சீட்டில் அவருடைய ரொட்டிப் பைதான் சவாரி. மேட்டில் அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, இறக்கத்தில் பார்த்தால் பயமாக இருக்கிறது.

வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்தோம். துணிகளைத் துவைத்து சைக்கிள்கள் மேலேயே காயப்போட்டோம். என் சைக்கிள் செயினைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். இத்தனை வருஷம் அடுத்தவர்களுக்குப் பல்செட் செய்த கை, எதைத் தேய்த்தாலும் கடைவாய்ப் பல் ஞாபகம்தான் வருகிறது. அப்போதுதான் பார்த்தேன், பின் சக்கரத்தில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சராக இருந்தால் நானே ஒட்டியிருப்பேன், இது வால்வு. சைக்கிள் கடைக்காரர் சாவகாசமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வாங்கம்மா" என்றார். இந்த ஊரில் எல்லாமே சாயங்காலம்தான்.

ஏரியை ஒரு சுற்றுச் சுற்றலாம் என்று மற்ற இருவரும் கிளம்பினார்கள். நான் வரவில்லை என்றேன்.

"ரொட்டிக்குப் பதிலா நீங்க ஏறுங்க. அது ஒரு நாளாவது மிதிச்சதா?" என்றார் பேக்கரிக்காரர்.

ஏறினேன். முதலில் வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. கையில் ஹேண்டில்பார் இருக்கிறது, ஆனால் அது திரும்பாது. பிரேக் கிடையாது. எதிரே தெரிவது அவருடைய முதுகு ஒன்றுதான். முதுகா அது, அவர் கடை அடுப்பின் கதவு. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சைக்கிள் ஆடியது.

"குழி இருக்கா?" என்றேன்.

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

"பிரேக் போடுங்க, யாரோ வர்றாங்க."

"அவங்க போயே போயிட்டாங்க. நீங்க சும்மா வாங்கம்மா."

எட்டிப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். விட்டுவிட்டேன். போகிற வழி அவர் பாடு என்று பக்கத்தில் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் நடந்ததுதான் உங்களிடம் சொல்ல வேண்டியது. ஒருவர் படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகத்துக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், மூக்கிலும் நீலம். வீட்டு வாசலில் ஒரு பெண் தன் புருஷனை நாற்காலியில் உட்காரவைத்து முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் முகத்தில் இருந்த கலவரத்தைப் பார்க்க வேண்டும். கோரைப் புல்லுக்குள்ளிருந்து வாத்துகள் வரிசையாக வந்தன. ஈரக் கயிற்று வாசனை, அதைத் தாண்டியதும் புதினா வாசனை. எங்கே வளைந்தோம், எங்கே மேடு வந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருந்தது. கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றபோதுதான் சுற்று முடிந்தது என்று தெரிந்தது.

மரத்தடியில் அவித்த முட்டை, தக்காளி, இந்த ஊர் ரொட்டி. பேக்கரிக்காரர் ரொட்டியை அமுக்கிப் பார்த்து, "அவசரப்பட்டுட்டான்" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிட்டார். டீச்சர் வரைபடத்தை முகத்தில் மூடிக்கொண்டு தூங்கினார். அவர் விட்ட குறட்டையில் மலையும் ஆறும் ஏறி இறங்கின. அதைப் பார்த்துச் சிரித்தபடி உங்களிடம் சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். பழக்கம்.

கடல் வரை சைக்கிளிலேயே போகும் இந்தப் பயணமே உங்கள் யோசனை. எங்கள் எல்லோருக்கும் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான். டாக்டரிடம் கண்ணைக் காட்டிவிட்டு வந்த அன்று, "நான் வரலை, நீ போயிட்டு வா. மூட்டை மாதிரி என்னைப் பின்னால கட்டிக்கிட்டு யாரும் ஓட்ட வேணாம்" என்றீர்கள். அதற்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. நாள் நன்றாக இருந்தது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மலையடிவார விடுதியில் இரண்டு மூன்று நாள் இருப்போம். முகவரி பின்பக்கத்தில்.

வேளைக்கு மாத்திரை போடுங்கள்.

என்றும் உங்கள்,
நான்தான்

*

வீடு,
ஜூன் 17, புதன்

அன்புள்ள உனக்கு,

நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதுகிறாள். சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்று ஒப்பந்தம். (ஒப்பந்தம் எதுவும் இல்லை. – அக்கா)

இங்கே எல்லாம் சௌக்கியம். பால் ஒரு தடவை பொங்கி வழிந்தது, அது அடுப்பின் தப்பு. மாத்திரை போடுகிறேன். (எடுத்துக் கையில் கொடுத்தால் போடுகிறான்.) டெப்போவிலிருந்து என்னோடு வேலை பார்த்த கண்டக்டர் வந்தான். பழைய ரூட்டில் புது பஸ் விட்டிருக்கிறார்களாம், ஏறிப் பார்க்கலாம் வா என்றான். நான் ஓட்டின ரூட்டில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார முடியாது என்று அனுப்பிவிட்டேன்.

டாக்டரைப் பார்த்தேன். வலது கண் எப்படியோ இடதும் அப்படியே வருகிறதாம். நடுவில் புகை, ஓரத்தில் வெளிச்சம். எதை நேராகப் பார்க்கிறேனோ அது இருக்காது, அதைச் சுற்றி எல்லாம் இருக்கும். அக்கா எதிரே உட்கார்ந்தால் முகம் கிடையாது, இரண்டு காதும் தோடும்தான். (முகத்தைப் பார்க்காமல் தப்பித்தேன் என்கிறான்.) குருடாகிவிட மாட்டேன், பயப்படாதே. ஓரம் ஓரமாகவே மிச்சக் காலத்தை ஓட்டலாம் என்று டாக்டர் சொல்கிறார். நல்ல மனிதர், மேசையில் பூச்செடி வைத்திருக்கிறார். அவரை நேராகப் பார்த்தபோது அது மட்டும்தான் தெரிந்தது.

உன் கடிதத்தில் சில சந்தேகம். பேக்கரிக்காரர் முதுகு உண்மையில் அவ்வளவு அகலமா? பின்னால் உட்கார்ந்தவர் நேரே பார்த்தால் முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாதா? பக்கத்தில் மட்டும்தான் தெரியுமா? அந்த வாத்துகளை நீ தலையைத் திருப்பிப் பார்த்தாயா, இல்லை தானாகவே ஓரத்தில் வந்தனவா?

சும்மாதான் கேட்கிறேன். பஸ் ஓட்டினவனுக்கு எல்லா வண்டியைப் பற்றியும் தெரிந்துகொள்ளும் ஆசை.

நாலு பேருக்கு நடுவில் நீ சந்தோஷமாக இருப்பது எனக்குச் சந்தோஷம். வழியில் தண்ணீர் நிறையக் குடி.

இப்படிக்கு,
வீட்டுக் காவல்

(அம்மாடி, இவன் தூங்கும்போது இதைச் சேர்க்கிறேன். ஏரி சுற்றிய பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்கிறான். வாத்து வரும் இடத்தில் "கொஞ்சம் மெதுவாப் படி" என்கிறான். நேற்று நாற்காலியை என் முதுகுக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து, ஜன்னலில் என்ன தெரிகிறது, கதவில் என்ன தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். என்னடா இது என்றால், "நீ பாட்டுக்குக் காய் நறுக்கு" என்கிறான். – அக்கா)

*

மலையடிவார விடுதி,
ஜூன் 20, சனி

என் அன்பானவருக்கு,

சந்தேகங்களுக்குப் பதில். முதுகு அகலம்தான். நேரே பார்த்தால் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பக்கத்தில். வாத்துகளைத் தேடி நான் திரும்பவில்லை, அவையாக வந்தன.

டாக்டர் சொன்னதைப் படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்சநேரம் நின்றேன். அப்புறம் பூச்செடி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?" என்றார். "ரெண்டும் ஒரே ஆள்தான் எழுதியிருக்கார்" என்றேன்.

இங்கே ஒரு சேதி. பேக்கரிக்காரர் பேரனைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை என்று நேற்று ஊருக்குப் போய்விட்டார். நீள சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. "கடல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேருங்க, அங்க வந்து வாங்கிக்கிறேன்" என்று எங்கள் தலையில் கட்டிவிட்டார். என் சைக்கிளைத் தன் பேரில் பார்சல் ஏற்றிக்கொண்டு போனார்.

ஆக, முன் சீட்டில் நான். பின்னால் ஆள் இல்லை.

உங்களைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கூப்பிட்டால் வரமாட்டீர்கள், தெரியும். தொழில் விஷயமாக ஒன்று கேட்கிறேன். விடுதிக்குப் பின்னால் ஒரு மைதானம். டீச்சரைப் பின்னால் ஏற்றிப் பழகினேன். நேராகப் போகிறது. திருப்பம் வந்ததும் என் கை பிரேக்குக்குப் போகிறது. பின்னால் ஒரு உயிர் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பே வண்டியை ஆட்டுகிறது. வேலியைப் பார்த்தேன், ஐயோ என்று பிரேக் பிடித்தேன், வேலிக்குள்ளேயே போய் விழுந்தோம். டீச்சர் செடிக்குள் கிடந்தபடி, "இந்தச் செடி எந்த மண்ணுல வளரும் தெரியுமா?" என்று பாடம் எடுத்தார். இருவருக்கும் சிராய்ப்புதான். ஆனால் எனக்கு உள்ளே பயம் உட்கார்ந்துவிட்டது.

ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலையில் எப்படித் திரும்பினீர்கள்? பின்னால் இருக்கிறவர்களைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வீர்கள்? அதை மட்டும் எழுதினால் போதும். வியாழன் வரை இங்கேதான். டீச்சருக்கு முட்டி வீங்கியிருக்கிறது, எனக்குத் திருப்பம் வரவில்லை. இரண்டும் சரியானால்தான் கிளம்ப முடியும்.

உங்கள்,
முன் சீட்டுக்காரி

*

வீடு,
ஜூன் 23, செவ்வாய்

முன் சீட்டுக்காரிக்கு,

இதை நானே எழுதுகிறேன். தடித்த மை, ஒரு பக்கத்துக்கு நாலு வரி. கோடு மேலே ஏறினால் நீயும் தலையைச் சாய்த்துக்கொள். தாள் நிறையச் செலவாகிறது என்று அக்கா முணுமுணுக்கிறாள், அவளிடம் காட்டப் போவதில்லை.

திருப்பத்துக்குள் போன பிறகு பிரேக்கைத் தொடாதே. வேகத்தை அதற்கு முன்னாலேயே குறைத்துவிடு. நீளமான வண்டி, பின் சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், அதனால் அகலமாக எடு. வேலியைப் பார்த்தாய், வேலிக்குப் போனாய். எங்கே போக வேண்டுமோ அங்கே பார். அவ்வளவுதான் தொழில்.

பின்னால் இருக்கிறவர்களைப் பற்றி என்ன நினைப்பேன் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் நினைக்கமாட்டேன். அவர்கள் தூங்குவார்கள், ஆரஞ்சு உரிப்பார்கள், சண்டை போடுவார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு வழியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. அவர்களை மூட்டை என்று நான் நினைத்ததும் இல்லை. உன் கடிதம் வந்த பிறகுதான் இது எனக்கே உறைத்தது.

நேற்று கண்டக்டரோடு போய்ப் பழைய ரூட் பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம். டிரைவர் சின்ன வயசு, கியர் மாற்றும்போது வண்டி உதறியது. சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். இத்தனை வருஷம் அந்த ரூட்டில் போய் வந்திருக்கிறேன், பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய்த் தோட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. ஜன்னல் ஓரத்திலேயே கூட வந்தது.

நாளை, புதன் மதியம் அங்கே வருகிற பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ, தெரியாது. கண்டக்டர் பஸ் ஏற்றிவிடுகிறான். நிலையத்தில் நேராக என் எதிரே வந்து நிற்காதே, நீ தெரியமாட்டாய். கொஞ்சம் பக்கவாட்டில் வா.

டீச்சரிடம் சொல், முட்டி ஆறட்டும், அவசரமில்லை. மைதானத்தில் முதலில் நாம் இரண்டு பேரும் நாலு திருப்பம் போட்டுப் பார்க்கலாம். விழுந்தால் விழலாம்.

ஓட்டும்போது நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்க்காதே. பெடல் லேசாக இருந்தால் நான் மிதிக்கிறேன் என்று அர்த்தம். கனமாக இருந்தால் வேடிக்கை பார்க்கிறேன் என்று அர்த்தம். எதுவாக இருந்தாலும் நீ ஓட்டு.

உன்,
பின் சீட்