வெள்ளைச் சேலையோடு தாய்லாந்து

பிப்ரவரி 5, ஞாயிறு. அருப்புக்கோட்டை

மாசி பிறக்கவில்லை, அதற்குள் வெயில் சுள்ளென்று. காலை முழுக்க மூட்டை கட்டும் வேலை. எடுத்து வைத்தவை: வெள்ளைச் சேலை நாலு, துண்டு, இட்லிப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், காராச்சேவு ரெண்டு பொட்டலம், தைலம், திருநீற்றுப் பை. ஏதோ ஒன்றை மறந்துவிட்டேன். என்னவென்று தெரியவில்லை.

டைரி பம்புசெட் கம்பெனி கொடுத்தது. அட்டையில் என் வீட்டுக்காரர் பேர். டிக்கெட்டில் பேரை மாற்றினவர்களுக்கு டைரியில் மாற்றத் தோன்றவில்லை. நிறைய மோட்டார் விற்ற கடைக்காரர்களுக்கு ஜோடியாகத் தாய்லாந்து டூர். ஆறு, கிராமம், புத்தர் கோயில் எல்லாம் ஆள் வைத்துக் காட்டுவார்களாம். விற்றவர் போன வைகாசியில் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கையில் காபி டம்ளர், பாதி குடித்தது.

நான் வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். மல்லிகா விடவில்லை. "அப்பா சம்பாதிச்சதும்மா அது." அவர் இடத்துக்கு அவர் அக்கா, ராமலட்சுமி மதினி. மதினிக்குப் பாஸ்போர்ட் எடுத்த கதையை எழுத இந்த டைரி போதாது.

பஸ் ஸ்டாண்டில் வைத்து மல்லிகா பிடித்துக்கொண்டாள். அவள் கல்யாணம் மாசி கடைசி முகூர்த்தம். அவர் போய் வருஷம் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று பேச்சு.

"அடுத்த ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பத்திரிகை எழுத வாராக. அன்னிக்கி நீ சொல்லிரணும். மணவடையில நீ நிக்கணும். தாலிய நீதான் தொட்டுக் குடுக்கணும். இல்லேன்னா நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

மதினி பக்கத்திலேயே நின்றாள். "கிறுக்குப் புடிச்சிருக்கா இவளுக்கு? அத்தை நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள். பஸ் வந்துவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

என்ன சொல்ல? பயம் ஊருக்கு மட்டுமா, எனக்கே இருக்கிறது. கார்த்திகையில் கொழுந்தன் மகள் வளைகாப்புக்குப் போய்ச் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. யாரும் போகச் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகி, என் முகத்தைத்தான் பார்த்தாள் என்று ஆகிவிட்டால்?

பிப்ரவரி 6, திங்கள். மெட்ராஸ், பிறகு பாங்காக்

ஆகாய விமானத்தில் ஏறும் முன்னால் பாஸ்போர்ட் பார்க்கிற ஆபீசர் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி என்னை. போட்டோ அவர் இருந்தபோது எடுத்தது. பெரிய பொட்டு, தலை நிறையக் கனகாம்பரம். இப்போது வெள்ளைச் சேலை, மொட்டைத் தலை. மொட்டை, மல்லிகா கல்யாணம் நல்லபடியாக நடக்க இருக்கன்குடி மாரிக்கு நேர்ந்து போன மாதம் போட்டது. தடவினால் முள்ளாகக் குத்துகிறது.

"இது நீங்கதானாம்மா?"

"ஆமா சார்" என்றேன். பொய் சொன்ன மாதிரி இருந்தது.

மதினி விமானத்தில் பெல்ட்டைப் போட்டதிலிருந்து அசையவில்லை. "ஏ குருவு, இது கழறுமா, எறங்குற வரைக்கும் இப்படித்தானா?" சாப்பாட்டில் இருந்த உப்புப் பொட்டலத்தைச் சர்க்கரை என்று காபியில் போட்டுக் குடித்தாள். நல்லா இருக்கு என்று வேறு சொன்னாள்.

கூட்டத்தில் இருபத்திரண்டு பேர், எல்லாம் மோட்டார் கடை. கூட்டிப்போகிறவர் பாஸ்கர், மெட்ராஸ்காரர், நாற்பது வயது, கையில் பச்சைக் கொடி, வாயில் விசில். இந்த ஊர் வழிகாட்டி நொய் என்று ஒரு பெண். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, இவர் தமிழில் பாதியை விட்டுவிட்டுச் சொல்கிறார்.

நொய் எல்லாருக்கும் பூ கொடுத்தாள். எனக்கு மட்டும் தலையை ரொம்பக் குனிந்து, முழங்காலை மடக்கிக் கொடுத்தாள். வாங்குவதா கூடாதா? வாங்கி மதினி கையில் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, செவ்வாய். பாங்காக்

புழுக்கம். வேர்வை நிற்கவில்லை.

கோயிலில் ஒன்றும் பிடிபடவில்லை. அர்ச்சனைத் தட்டு இல்லை. தேங்காய் உடைக்கிற இடம் இல்லை. திருநீறு கேட்டேன், பாஸ்கர் சிரித்தார். படுத்திருக்கிற புத்தர், கால் மட்டும் நம்ம கடை நீளம். மதினி பெருமாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டேன். யாராக இருந்தால் என்ன, இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

வெளியே வரும்போது ஒரு கடைக்காரி ஓடிவந்து தரையில் மண்டியிட்டு என்னைக் கும்பிட்டாள். பையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்தாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாருக்காவதோ என்று. யாரும் இல்லை.

மத்தியானம் ஆற்றில் படகு. எவ்வளவு தண்ணீர்! கரை தட்ட ஓடுகிறது, யாரும் அதைச் சட்டை செய்கிற மாதிரித் தெரியவில்லை. எங்க பக்கத்துக் குண்டாற்றில் மணலைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் கடை போட்டிருந்தால் அவர் ஒரு மோட்டார்கூட விற்றிருக்க மாட்டார். அதை அவரிடம் சொல்லத் திரும்பினேன். மதினி காராச்சேவு தின்றுகொண்டிருந்தாள்.

படகில் ஏறியதும் ஒரு கிழவர் எழுந்து எனக்கு இடம் விட்டார். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கும்பிட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன தம்பி, கேலி பண்றாகளா?" என்று பாஸ்கரிடம் கேட்டேன். அவர் நொய்யிடம் கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். இங்கே பெண் சாமியார்கள் மொட்டை போட்டு வெள்ளை உடுத்துவார்களாம். "உங்கள இந்தியாலேருந்து வந்த பெரிய சாமியாருன்னு நெனைக்கிறாங்கம்மா!"

மதினி வாயில் இருந்ததை முழுங்கவில்லை. "சாமியாரா? இவளா? மீன் கொழம்பு வச்சா ரெண்டு தட்டுச் சோறு திம்பா!"

சிரிப்புத்தான் வந்தது. அறைக்கு வந்ததும் அழுகையாக வந்தது. இதே சேலைதான். அங்கே விடியக்காலம் பால்காரர் எதிரே வந்துவிடக் கூடாது என்று கதவுக்குப் பின்னால் நிற்பேன். எது சரி? ரெண்டு ஊரில் ஒன்று தப்பாகத்தானே இருக்க வேண்டும்?

பிப்ரவரி 8, புதன். சியாங் மாய்

வடக்கே வந்துவிட்டோம். காலையில் குளிர். நான் மறந்தது சுவெட்டர்.

மதினி இந்தச் சாமியார் சமாச்சாரத்தை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கடை நிறையப் பூப்போட்ட காகிதக் குடை. "ஏ குருவு, அந்தக் குடை கேளு. நீ கேட்டா சும்மா குடுப்பா." நான் மாட்டேன் என்றேன். "ஒனக்கு வாச்ச மவுச இப்படி வீணடிக்கியே." அவளே என்னைக் கை காட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வெட்கமாகப் போயிற்று. திரும்பிப் போய்க் கடைக்காரியிடம் இட்லிப் பொடியைக் கொடுத்தேன். அவள் அதை நெற்றியில் பூசிக்கொண்டாள். தடுக்கப் பாஷை தெரியவில்லை. கண்ணில் விழாமல் இருக்க வேண்டும்.

மல்லிகாவுக்கு என்ன சொல்வது. இன்னும் நாலு நாள்.

பிப்ரவரி 9, வியாழன். ஆற்றங்கரைக் கிராமம், பேர் வாயில் வரவில்லை

நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாக எழுதுகிறேன்.

படகில் போனோம். மரத் தூண் மேல் வீடுகள். ஒரு வீட்டில் மேளம். கல்யாணம். நொய் உள்ளே போய்க் கேட்டுவிட்டு எல்லாரையும் வரச் சொன்னாள். நான் படகிலேயே இருக்கிறேன் என்றேன். மதினியும் "அவ இருக்கட்டும், விடுங்க" என்றாள். அதற்குள் பொண்ணோட அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். பச்சைப் பட்டு, கொண்டையில் பூ. கையைப் பிடித்துப் படியேற்றிக் கொண்டுபோய்ப் பொண்ணு முன்னால் உட்கார வைத்துவிட்டாள்.

பொண்ணு மல்லிகா வயசுதான். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு வெள்ளை நூலை எடுத்து அவள் மணிக்கட்டில் கட்டி வாழ்த்துகிறார்கள். அம்மாக்காரி எனக்கும் ஒரு நூலை நீட்டினாள்.

எழுந்துவிட்டேன். "தம்பி, சொல்லிருங்க. நான் சாமியாரு இல்ல, புருசன் செத்தவன்னு சொல்லுங்க. நான் கட்டக் கூடாதுன்னு சொல்லுங்க."

பாஸ்கர் நொய்யிடம் சொன்னார். நொய் அம்மாக்காரியிடம் சொன்னாள். அம்மாக்காரி என்னைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். அது திரும்பி வர எவ்வளவு நேரம்!

"அவங்க வீட்டுக்காரரும் இல்லையாம்மா. செத்து மூணு வருஷமாச்சாம். இன்னிக்கு மொத நூலு அவங்கதான் கட்டுனாங்களாம். நீங்க ஏன் கட்டக் கூடாதுன்னு கேக்குறாங்க."

கொண்டையில் பூ வைத்திருக்கிறாளே! இவ்வளவு நேரமும் சுமங்கலி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொண்ணு கையை நீட்டிக்கொண்டே இருந்தது. கையைப் பார்த்தேன். நூலைப் பார்த்தேன். வெள்ளை நூல். பஞ்சு விளைகிற ஊர்க்காரி நான், நூல் எனக்குப் புதுசா? ஆனால் கல்யாணப் பொண்ணு கையில் வெறும் வெள்ளை நூலை எப்படிக் கட்ட? என் கையால் வேறு? மனசு கேட்கவில்லை.

ஓடினேன். பின்கட்டில் உரலில் குழம்புக்கு இடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் முறத்தில் பச்சை மஞ்சள். ஒரு துண்டை எடுத்து, கடித்து, நூலில் மாற்றி மாற்றித் தேய்த்தேன். மஞ்சளாக ஆனதும் வந்து பொண்ணு கையில் மூன்று முடிச்சாகப் போட்டுவிட்டேன். என்ன சொல்லி வாழ்த்தினேன் என்று நினைவில்லை. மல்லிகா பேரைச் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகம்.

அத்தனை வெள்ளைக்கு நடுவில் ஒன்று மட்டும் மஞ்சள். எல்லாரும் பார்த்தார்கள். செத்தேன் என்று நினைத்தேன். பிறகு அம்மாக்காரி தன் கையை நீட்டினாள். அவள் அக்கா, சித்தி, சமையல் பண்ணினவள், எல்லாரும் கை நீட்டுகிறார்கள், மஞ்சள் நூல்தான் வேண்டுமாம். இந்தியச் சாமியார் கட்டுகிற நூல் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள்!

எத்தனை நூல் தேய்த்தேனோ. ஒரு கட்டத்தில் மதினி என் கையிலிருந்த மஞ்சளைப் பிடுங்கினாள். "தள்ளு. ஒருத்தியா எத்தனதான் தேய்ப்ப?" உட்கார்ந்து அவளும் தேய்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 10, வெள்ளி. சியாங் மாய்

மலை மேல் கோயில். படி எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். தங்கக் கோபுரம், நல்ல காற்று. சுற்றி வந்தோம். என்ன வேண்டுவது என்று தெரியாமல் நேற்றைய பொண்ணு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டினேன். எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது. வந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பஸ்ஸில் மதினியிடம் கேட்டேன். "மதினி, நேத்து நான் கட்டுனது தப்பா?"

"அது அவுக ஊரு."

"நம்ம ஊருல?"

"நம்ம ஊரு நம்ம ஊருதான். கேக்குறா பாரு கேள்வி." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம், "மூணு வருசமாச்சாம். பூ வச்சிருக்கா பாரேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திட்டினாளா, வியந்தாளா, தெரியவில்லை.

நகக்கண்ணில் மஞ்சள் போகவில்லை. சோப்புப் போட்டும் போகவில்லை.

பிப்ரவரி 11, சனி

வழி முழுக்கத் தூக்கம், கால் வீக்கம். பாங்காக், மெட்ராஸ், ரயில். மெட்ராஸில் இறங்கியதும் ஒருத்தர்கூடக் கும்பிடவில்லை. ஒரு போர்ட்டர் "ஓரமா நில்லு பாட்டி" என்றான். எனக்கு நாற்பத்தெட்டு.

பிப்ரவரி 12, ஞாயிறு. வீடு

பாளையம்பட்டி தாண்டியதும் வெயில் வாடை முகத்தில் அடித்தது. கருவேலமரம். வீடு வந்தாயிற்று.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். ஜமக்காளம் விரித்து, பத்திரிகை எழுதி, தாலிச் சரட்டுக்கான நூலையும் மஞ்சளையும் தாம்பாளத்தில் வைத்தார்கள். எங்களில் பொண்ணு வீட்டுச் சுமங்கலிதான் அந்த நூலுக்கு முதல் மஞ்சள் தேய்ப்பது வழக்கம். நான் கதவோரம் நின்றேன். மல்லிகா உள்ளறையில் இருந்து என்னையே பார்க்கிறாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டார். "அம்மா ஸ்தானத்துல மணவடையில யாரு நிக்கது? அத்தைதானே?"

மதினி வாயைத் திறந்தாள். அவள் பேசுவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நான் நிக்கேன்." என் குரலா அது? கீச்சென்று வந்தது. சித்தப்பா மதினியைப் பார்த்தார். எல்லாரும் மதினியைத்தான் பார்த்தார்கள்.

மதினி வெற்றிலையை மென்று முடித்தாள். தாம்பாளத்தை அப்படியே என் பக்கம் தள்ளினாள்.

"என்னத்த பார்த்துக்கிட்டு நிக்க? அங்க ஊருக்கே தேய்ச்சியே. தேயி."

உட்கார்ந்தேன். தேய்த்தேன். பயம் அப்படியே இருந்தது, போகவில்லை. ஆனாலும் தேய்த்தேன். சித்தப்பா ஏதோ முணுமுணுத்தார், மதினி அவருக்குக் காபியைக் கொடுத்து வாயை அடைத்தாள்.

சாயங்காலம் மல்லிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்குச் சேலை எடுக்கப் போகிறார்களாம். எனக்கு என்ன கலர் வேண்டும் என்று கேட்டாள். தெரியவில்லை. வெள்ளை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.