தகரக் குழாயில் பேசிய நல்லம்மா

அண்ணா,

நேற்று சேலத்தில் நம் நல்லம்மா வாயைத் திறந்து பேசினாள். உங்கள் குரல் வரவில்லை.

செவ்வாய்ப்பேட்டைக்கு நூல் வாங்கப் போயிருந்தோம். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டதால், ஒரு ஆட்டம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இவர் சொன்னார். இங்கிலீஷ் படம் நமக்கெதற்கு என்று முனகிக்கொண்டே போனவள், வாசலில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அவளேதான். கன்னம் கொஞ்சம் தொங்கிவிட்டது. இப்போது கதாநாயகிக்கு அம்மாவாக வருகிறாள். ஆனால் அந்தக் கண் எங்கே போகும்? உள்ளே விளக்கு அணைந்து அவள் பேச ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்பிள்ளைக் குரல்! நல்லம்மா என்றால் தகரக் குழாய் வழியாக வருகிற, பீடிப் புகையில் கரகரத்த ஆம்பிளைக் குரல் என்றுதானே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் நீங்கள் கண்ணை மூடியபோது அழுததைவிட நேற்று அதிகம் அழுதேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

மல்லசமுத்திரத்துச் சந்தை மைதானத்தில் அந்தச் சினிமாக் கூடாரம் போட்டபோது படங்கள் பேசாது. திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று தகரக் குழாயில் கதை சொல்ல வேண்டும். தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது இந்தக் கோடியில் நீங்கள் கத்தினால் அந்தக் கோடியில் காது அடைக்கும். அந்தத் தொண்டைக்காகத்தான் கூடாரக்காரர் உங்களைக் கூப்பிட்டார். நூல் மூட்டையில் அச்சடித்திருக்கும் எழுத்தைத் தவிர நீங்கள் இங்கிலீஷ் எதையும் கண்டதில்லை. அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பகலில் ஒரு தடவை படத்தை உங்களுக்கு ஓட்டிக் காட்டுவார்கள். அந்திக்குள் கதை தயாராகிவிடும்.

வெள்ளைக்காரிக்கு நல்லம்மா என்று பேர் வைத்தது நீங்கள்தான். அவள் பூக் கூடையோடு மழையில் நின்றதைப் பார்த்து ஊரே சொக்கிப் போனது. அந்த வருஷம் பிறந்த கிடேரிக் கன்றுகளில் பாதிக்கு நல்லம்மா என்றுதான் பேர். ஆண்டவன் பேரில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த பஜனைக் கோஷ்டிகூட இவள் பேரில் ஒன்று கட்டியது. எல்லோரையும்விடப் பெரிய பைத்தியம் நம் ஊருக்கு ஞாயம் சொல்கிற பெரியதனக்காரர். முன்வரிசையில் வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, அவள் சிரித்தால் சிரித்து, அழுதால் துண்டை எடுப்பார். முதல் படத்தின் கடைசியில் ஒரு மீசைக்காரச் சிப்பாய்க்கும் அவளுக்கும் கல்யாணம். பெண்கள் பக்கத்திலிருந்து நாங்கள் மஞ்சள் அரிசி வீசினோம். படம் பளிச்சென்று தெரியத் திரைக்குத் தண்ணீர் தெளித்திருந்ததால் அரிசியெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. கூடாரக்காரர் மறுநாள் பூராவும் சுரண்டினார்.

அதே பெரியதனக்காரர்தான் என் விஷயத்தில் கல்லாக இருந்தார். கப்பலேறிக் கண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போன என் வீட்டுக்காரன் அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று, போய்த் திரும்பியவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் உங்கள் வீட்டில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். பெண்டாட்டியை இழந்த ராசிபுரத்து நெசவுக்காரர் ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று ஆள் அனுப்பியிருந்தார். ஊர் சரியென்று சொன்னால் போதும். நீங்கள் போய் நின்ற போதெல்லாம் பெரியதனக்காரர் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

“தாலிய அறுத்துக் கட்டற பழக்கம் நமக்கேதப்பா? பொறுத்துப் பாக்கலாம்.”

நான் பொறுத்துக்கொண்டிருந்தபோதுதான் நல்லம்மாவின் அடுத்த படம் வந்தது. அதில் அவள் வேறொரு பையனோடு படகில் போனாள். மீசையில்லாத பையன்.

“ஏனுங்க, மீசைக்காரர் எங்கீங்க?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“மீசைய எடுத்துட்டாருங்க!” என்றீர்கள், யோசிக்காமல்.

கூட்டம் சமாதானமானது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அந்த மீசைக்காரனே வேறு சட்டை போட்டுக்கொண்டு திரையில் வந்து நின்றான். அவனும் பையனும் கைகுலுக்கினார்கள். கூடாரம் கொதித்தது. புருஷன் உயிரோடு இருக்கும்போதே நல்லம்மா இன்னொருத்தன் கையைப் பிடிப்பதா? நல்லவேளையாக அந்தச் சமயம் பார்த்துச் சுருள் முடிந்தது. அடுத்ததை மாட்டுவதற்காகப் பெட்ரோமாக்ஸைத் தூக்கினார்கள். அந்த வெளிச்சத்தில் உங்கள் முகம் தெரிந்தது. வேர்த்துக் கொட்டியது. நீங்கள் என்னை ஒரு தரம் பார்த்தீர்கள்.

பிறகு குழாயை வாயில் வைத்தீர்கள்.

“நெசத்தச் சொல்லிப்போடறனுங்க. நல்லம்மாள உட்டுப்போட்டு மீசைக்காரன் கப்பலேறிப் போயிட்டான். போன எடத்துல ஒருத்தியச் சேத்துக்கிட்டான். இவ அண்ணன் ஊட்டுல கெடந்து அழுதா. இந்தப் பையன் நான் கட்டிக்கிறேங்கறான். இப்ப அவ என்ன பண்றதுங்க? ஊர்தான் சொல்லோணும்.”

என் தலையை முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டேன். பெரியதனக்காரர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

“இதுல சொல்றதுக்கு என்னப்பா இருக்குது? தாலியக் கழட்டி அந்தப் பய மூஞ்சீல எறிஞ்சுபோட்டு இவனக் கட்டிக்கட்டும். ஊர் சொல்லுது!”

விசில் பறந்தது.

“பெரியவங்க வாக்கு எல்லாத்துக்கும் வாக்குத்தானுங்களே?”

“வாக்குத்தான்.”

“அப்ப என்ற தங்கச்சிக்கும் அதே வாக்குங்களா?”

பெரியதனக்காரர் துண்டை உதறினார், மறுபடி தோளில் போட்டார், “மொதல்ல படத்த ஓட்டப்பா” என்றார். அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியது. அவருடைய சம்சாரம்!

“வெள்ளக்காரிக்கு ஒரு ஞாயம், நம்மூட்டுப் புள்ளைக்கு ஒரு ஞாயமாங்க? சொல்லிப்போட்டு ஓட்டச் சொல்லுங்க!”

பெண்கள் பக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. அவர் ஊருக்கெல்லாம் பெரியவர், வீட்டுக்குள் அவ்வளவு பெரியவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். “நல்லம்மாளுக்குச் சொன்னதுதான் அவளுக்கும்” என்று சொல்லி, திரையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போது சந்தோஷப்படத் தெரியவில்லை. நீங்களோ திரையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏனென்று கடைசிச் சுருளில்தான் புரிந்தது. பகலிலேயே படத்தைப் பார்த்துவிட்டீர்களே! அந்தப் பாவி நல்லம்மா மீசையில்லாத பையனை உதறிவிட்டு மீசைக்காரனிடமே போகிறாள்!

ஊர் சொன்ன வாக்குக்கு இன்னும் ஒரு நாழிகை வயசுகூட ஆகவில்லை. நல்லம்மா திரும்பிப் போனால் என்னையும் கண்டிக்காரன் வரும்வரை காத்திருக்கச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு நீங்கள் பேசினது போல எந்த வக்கீலும் பேசியிருக்க மாட்டான். மீசைக்காரன் முட்டி போட்டால், “மன்னிப்புக் கேக்கறானுங்க!” அவள் அவன் தலையைத் தடவினால், “போய்ப் பொழச்சுக்கோங்கறா!” அவன் எழுந்து அவளை நெருங்கினால், “கெளம்பறதுக்கு முன்னால கடேசியா ஒரு கும்புடு போட வாரான்!”

கும்பிடு போடுகிறவன் எதற்கு இடுப்பில் கை வைக்கிறான் என்று யாரோ கேட்க வாயெடுத்தார்கள். முகமும் முகமும் கிட்டே வந்துகொண்டிருந்தன. நீங்கள் திரைக் கயிற்றின் பக்கம் ஒதுங்கியதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மறுநிமிஷம் திரை மடமடவென்று சரிந்து பெரியதனக்காரர் மேலேயே விழுந்தது. ஈரத் துணிக்குள்ளிருந்து அவர், “நல்லம்மா! நல்லம்மா!” என்று கூப்பிட்ட சத்தத்துக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பு ராசிபுரத்துக்கே கேட்டிருக்கும்.

கூடாரக்காரர் அத்தோடு உங்களை அனுப்பிவிட்டார். வேலை போய்விட்டதே என்று நான் அழுதேன். குழாயை மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தீர்கள்.

“அழுவாத அம்மணி. அவளுக்கு நான் பேசாட்டி வேற எவனாச்சும் பேசுவான். உனக்கு எவன் பேசுவான்?”

மறு முகூர்த்தத்தில் இவர் எனக்குத் தாலி கட்டினார். பெரியதனக்காரர் வந்து சாப்பிட்டுவிட்டு, “நல்லம்மாளுக்கும் இந்நேரம் கல்யாணம் ஆயிருக்குமப்பா” என்று சொல்லிப்போனார். உங்கள் குழாய் எங்கள் தறிக்கொட்டகையில் சாயம் ஊற்றப் பயன்படுகிறது. ஒரு பக்கம் நீலமாகிவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்ற மட்டும் யாருக்கும் தருவதில்லை.

நேற்று சினிமாக் கொட்டகையில், நல்லம்மா தன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நீளமாக எதையோ பேசினாள். ஒரு வார்த்தையும் எனக்கு விளங்கவில்லை. இவர் என் பக்கம் சாய்ந்தார்.

“என்ன சொல்றா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். “உட்டுப்போட்டு ஓடுனவனுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதேங்கறா. எனக்கு எங்கண்ணன் பேசுனாரு, உனக்கு நான் பேசறேங்கறா.”

எனக்கே தெரியாமல் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் திரைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“அப்பறம் என்னாச்சுங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

விளக்குப் போடும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன், அண்ணா.