ரேவாவுக்கு ஆகாத சர்க்கரை

ஆகஸ்ட் 9, 1994

ரேவா இன்றும் குடித்ததையெல்லாம் கக்கிவிட்டாள். பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருக்கிறது. மாமனார் கோலின், மாட்டுக்குப் பால் கறந்த கையோடு, சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து எட்டிப் பார்த்தார்.

"கொட்டகை நெறைய மாடு வச்சிருக்கிற வீட்டுல பொறந்துட்டு பாலைக் கக்கறா பாரு, திமிரு பிடிச்சவ! நீ குடு நைரி. உள்ள போனா எல்லாம் சரியாயிடும்."

கொடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆகஸ்ட் 10

இன்று அழவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11

ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். காலையில் போன் வந்தது. பிறந்தபோது குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தின் முடிவு. இனி தாய்ப்பால் ஒரு சொட்டுகூடக் கூடாது, உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். டரனாக்கி மலையைச் சுற்றி என் கணவன் ஹேமி காரை எப்படி ஓட்டினான் என்றே தெரியவில்லை.

டாக்டர் சினா சமோவாக்காரர். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "பால்ல இருக்கிற சர்க்கரை ரெண்டா உடையும். ஒண்ணு குளுக்கோஸ், இன்னொண்ணு காலக்டோஸ். அந்த ரெண்டாவதைப் பக்குவப்படுத்துற புரதம் இவ உடம்புல வேலை செய்யல. அதனால அது தேங்கிக் கல்லீரலைக் கெடுக்குது."

தெரியும். பள்ளிக்கூடத்தில் இதைப் பலகையில் வரைபவளே நான்தான். இரண்டிலும் அதே கார்பன், அதே ஹைட்ரஜன், அதே ஆக்சிஜன். ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி மட்டும் ஒன்றில் கீழே பார்க்கும், மற்றதில் மேலே. 'இவ்வளவுதான் வித்தியாசம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

இவ்வளவுதானா?

நான்தானே குடுத்தேன். மூஞ்சியைத் திருப்பினா, திருப்பித் திருப்பி நான்தானே வாயில வச்சேன்...

ஆகஸ்ட் 13

சோயா மாவுப் பால், இதில் அந்தச் சர்க்கரை இல்லை. வாந்தி இல்லை.

அடுத்த கட்டிலில் யாருடைய குழந்தையோ அழுதது. என் சட்டை நனைந்துவிட்டது. குளியலறைத் தொட்டியில் பாலைப் பிழிந்து விட்டேன்.

ஆகஸ்ட் 15

வீறிட்டாள்! வார்டே திரும்பிப் பார்த்தது. ஹேமி சிரித்தான், பிறகு அழுதான்.

எங்கள் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு ஒவ்வொன்று வந்து சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். யார் குற்றமும் இல்லையாம். "ரெண்டு குடும்பத்துலயும் கைக்குழந்தை யாராவது தவறியிருக்கா?"

"இல்ல" என்றான் ஹேமி.

"உண்டு." வாசலில் மாமா நின்றிருந்தார். "உனக்கு முன்னால ஒரு பொண்ணு. ரெண்டு வாரம்கூட இருக்கல. இவளை மாதிரியேதான் மஞ்சளா..."

ஹேமி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"பால்ல சத்தில்லன்னு உங்கம்மா டோரீனை எங்கம்மா கரிச்சுக் கொட்டுனா. நான் வாயைத் தொறக்கல. உங்கம்மா அதையே நம்பிட்டாடா. சாகிற வரைக்கும் நம்பினா."

அதுவும் இதே நோய்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, இருந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

மாமா தொப்பியைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "அப்போ அவ பால்ல...?"

"இதே நோயா இருந்திருந்தா, எந்தத் தாய் பால் குடுத்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அவங்க பால்ல ஒரு குறையும் இல்ல."

'பால்ல ஒரு குறையும் இல்ல' என்று நானும் எனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 22

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

"மாட்டையெல்லாம் வித்துடலாமா?" என்றான் ஹேமி.

"அதுங்க என்னடா பண்ணுச்சு?" என்றேன்.

மாமா தேநீரில் பால் விடுவதை நிறுத்திவிட்டார். ஏனென்று நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 2

ஞாயிறு. மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். "புள்ளையைக் கொஞ்ச நேரம் தர்றியா? நீங்களும் வாங்க."

மாதா கோவிலின் பின்புறம் அத்தையின் கல்லறை. அதை ஒட்டி, கல் எதுவும் இல்லாத புல்தரை. ரேவாவை நெஞ்சோடு அணைத்தபடி மாமா முழங்காலிட்டார்.

"டோரீன், நம்ம பேத்தி வந்திருக்கா பாரு. உன்கிட்ட ஒரு குறையும் இல்லடி. டாக்டரே சொல்லிட்டாங்க. நான்தான் அன்னிக்கே எங்கம்மாகிட்ட பேசியிருக்கணும்."

ரேவா பசியில் கத்தத் தொடங்கினாள். நான் நெருங்குவதற்குள் கோட்டுப் பையிலிருந்து புட்டியை எடுத்து, அங்கேயே சம்மணமிட்டு ஊட்டினார்.

முதல் குழந்தையைப் புதைத்த அந்தப் புல்தரையில் வைக்கக் கல்லுக்குச் சொல்லியிருக்கிறாராம். என்ன பெயர் பொறிப்பார்கள் என்று ஹேமி கேட்டான்.

"வினிஃப்ரெட்" என்றார்.

தன் அக்காவின் பெயரை ஹேமி முதல்முறையாகச் சொல்லிப் பார்த்தான்.