கேட்காமல் வாங்கிய கைநாட்டு

ஜூன் 8, 2025, ஞாயிறு

அம்மாவுக்கு லேப்டாப்பில் தேடக் கற்றுக்கொடுத்ததிலிருந்து எனக்குச் சிரித்து மாளவில்லை. "ஏனுங்க, முழங்கால் வலிக்கு என்ன பண்றதுங்க" என்று எழுதுகிறாள். அது மெஷின்மா, மரியாதையெல்லாம் வேண்டாம் என்றேன். "பதில் சொல்றவங்களுக்கு மரியாத குடுத்தா கொறஞ்சா போயிருவோம்?" என்றாள்.

கண் மங்கல் என்பதால் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறேன். தடித்த தமிழ் எழுத்துருக்களாகத் தேடித்தேடி ஏற்றியிருக்கிறேன். என் தேடலோடு அவளுடையது கலக்க வேண்டாமென்று பிரவுசரின் ரகசிய ஜன்னலையும் காட்டிக்கொடுத்தேன். மூடினால் எல்லாம் அழிந்துவிடும், யாருக்கும் தெரியாது என்று பெருமையாகச் சொன்னேன். இணையதளங்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள் பேசுகிற பேச்சா அது!

ஜூன் 13

ஜெரோமை அவன் கம்பெனியில் ஆறு மாதம் பெங்களூருக்கு அனுப்புகிறார்கள். அவனுக்கு ஒற்றை அறை வீடு தேடினேன், ரகசிய ஜன்னலில்தான். அப்படியே கல்யாணக் கவுன்களையும் கொஞ்சம் பார்த்தேன். முப்பத்தாறு வயதில் வெள்ளைக் கவுன்! கண்ணாடியே சிரிக்கும்.

அம்மாவிடம் அவன் பெயரைக்கூட இன்னும் எடுக்கவில்லை. "இந்த வாரமாச்சும் சொல்லீரு அன்பு" என்கிறான். சொல்ல வேண்டும். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பையன் என்றால் என்ன சொல்வாளோ.

ஜூன் 19

சொல்லவில்லை.

ஜூன் 24

சமையல் குறிப்பு திறந்தால் ஓரத்தில் முதியோர் இல்ல விளம்பரம். செய்தி திறந்தால் முதியோர் இல்லம். 'அமைதியான ஓய்வுக்காலம், மூன்று வேளையும் சைவ உணவு.' நான் தேடவில்லை. இந்த வீட்டில் இருப்பது நானும் அம்மாவும்தான்.

ரகசிய ஜன்னல் இந்த மெஷினுக்குள் தடம் வைக்காது, அவ்வளவுதான். வெளியே இருக்கும் விளம்பரக்காரனுக்கு நம் பெயர் தேவையில்லை. திரையின் அளவு, எழுத்தின் பருமன், என்னென்ன எழுத்துரு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, ஓ, அதே மெஷின் என்று கண்டுகொள்கிறான். கைரேகை என்போம் ஆபீசில். அம்மாவுக்காக நான் செய்துவைத்த வசதிகளே ஊரில் வேறு யாருக்கும் இல்லாத அடையாளமாகிவிட்டன.

அம்மா ஏன் போக நினைக்கிறாள்? நான் என்ன செஞ்சுபோட்டேன்? கேட்கவும் வாய் வரவில்லை — ஒளிந்து பார்த்தது போலாகிவிடும்.

ஜூன் 26

தோசைக்கு நெய் விட்டுத் தந்தாள். இறங்கவில்லை. "ஏங்கண்ணு, ஒடம்புக்கு என்ன?" ஒன்றுமில்லை என்றேன். காங்கேயத்து எண்ணெய் மில்லில் தேங்காய் உடைத்து என்னைப் படிக்கவைத்தவள். அவள் இல்லாத வீடு எனக்கு வேண்டாம்.

ஜூன் 29

கேட்டுவிட்டேன்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஹோமுக்குப் போகப்போறியாம்மா?" என்றதும் கை நின்றது. "ஆரு சொன்னா? மூடுனா அழிஞ்சிரும்னியே?"

கைரேகை கதையைச் சொன்னேன். பாதியிலேயே கோபம் வந்துவிட்டது. "கைநாட்டா? இந்தக் காளியாத்தா கைநாட்டு இல்லைனு மில்லுக்கே தெரியும்!" சம்பளத்துக்குக் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டு, என் ஒன்றாம் வகுப்புச் சிலேட்டில் கையெழுத்துப் பழகியவள் அவள். "கேக்காமயே வாங்கிப்போட்டானா? அவனுக்குப் போயி ஏனுங்க, வாங்கனு எழுதுனனே!" சிரிப்பதா அழுவதா தெரியாமல் இரண்டும் செய்தேன்.

பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "உன்னுதும் எனக்கு வந்துச்சு கண்ணு."

"என்னது?"

"வெள்ளக் கவுனு. பெங்களூருல ஒத்த ரூம் ஊடு. பாட்டுக் கேக்கப் போனா ஓரத்துல பூராவும் அதேதான். பையன் வேதக்காரப் பையன்னு கவுனுலயே தெரிஞ்சுபோச்சு. ஒத்த ரூமுன்னா நா எங்க படுக்கறது? அதான் நானே ஒரு எடம் பாத்துக்கலாம்னு."

அடிப்பாவி! நான் மூன்று வாரமாகச் சொல்லத் தயங்கியதை விளம்பரக்காரன் போய்ச் சொல்லியிருக்கிறான், அதுவும் அரைகுறையாக. அந்த வீடு ஜெரோமுக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு மட்டும் என்றேன். பிறகு அவனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். நீ இல்லாமல் எனக்கு வீடே இல்லை என்பதையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அந்தப் பையன் கறி திங்குமா?"

திங்கும் என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. அந்த ஹோமுல மூணு வேளையும் சைவமாமா."

ஜூலை 6

ஜெரோம் வந்தான். அம்மா குழம்பு ஊற்ற ஊற்ற, வேண்டாமென்று சொல்லத் தெரியவில்லை பாவம். போகும்போது, "பெங்களூருல பனி ஜாஸ்தியாமா, காதை மூடிக்கோங்க தம்பி" என்று அனுப்பிவைத்தாள்.

பிப்ரவரி 22, 2026, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்து ஒரு வாரம். பழைய வீடு இருந்த துடியலூரிலேயேதான், மூன்று அறை. ஜெரோம் திரும்பி வந்து, கல்யாணமும் முடிந்து, இப்போது மூன்று பேர்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று, தன் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். பிறந்தது ஒற்றை அறையில், பிறகு மில்காரர் கொடுத்த லைன் வீடு, அதன் பிறகு என்னோடு ஒரே அறை. தாழிட்டுக்கொள்ள அவளுக்கென்று ஓர் அறை இதுவரை இருந்ததில்லை. எனக்கு இது தோன்றியதே இல்லை. ஜெரோம் நேற்று மாட்டிக்கொடுத்தான்.

மத்தியானம் காபி கொண்டுபோனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"ஆருங்க அது?"

இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் பெயரைச் சொன்னேன். "அன்புதாம்மா. உள்ள வரலாமா?"

"சித்த நேரங் கழிச்சு வா கண்ணு."

சரி என்று திரும்பி வந்து காபியை நானே குடித்தேன்.