முத்திரையில்லாத ஆறு கிளாஸ்கள்

நவம்பர் 4, 2003, செவ்வாய்
மழை. என் கணவர் மாஸி படுக்கையில் இருந்தபடியே அரை முட்டை சாப்பிட்டார்.

நவம்பர் 6
விடியுமுன் போய்விட்டார். சாவு வீட்டு வழக்கப்படி மகள் ரோஷீன் கடிகாரத்தை நிறுத்தினாள்.

நவம்பர் 7
அடக்கப் பூசையில் காணிக்கையோடு மாஸியின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு பொருளையும் பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், என்ன கொண்டுவருவீர்கள் என்று பங்குத்தந்தை கேட்டார். யோசிக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன், கண்ணாடி ஆலையில் அவரே சக்கரத்தில் பூவேலை வெட்டிக் கொண்டுவந்த ஒயின் கிளாஸ். ஆறில் ஒன்று.

அடியில் ஆலையின் முத்திரை கிடையாது. வாட்டர்ஃபோர்டில் கண்ணாடி வெட்டுகிறவன் வீட்டில் முத்திரையில்லாத கிளாஸ் இருந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. முத்திரை விழுமுன் ஆலையிலிருந்து கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது.

ஆலையில் பக்கத்துச் சக்கரத்தில் இருந்த நிக்கி, உடலைப் பார்க்க வந்தவர், கிளாஸை விளக்கில் பிடித்துப் பார்த்தார். என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

“நோரீன், இது நம்ம ஊர் கண்ணாடி இல்ல. தடவிப் பாரு, மெல்லிசா ஒரு வரம்பு ஓடுதா? அச்சுத் தழும்பு. அச்சுல வார்த்துட்டு மேல லேசா சக்கரம் பிடிச்சிருக்காங்க. செக் நாட்டுச் சரக்கு. உங்க கல்யாண வருஷம் துறைமுகத் தெருக் கடை ஜன்னல்ல இதே செட் இருந்துச்சு. மட்டமான வேலைன்னு நானும் மாஸியும் நின்னு சிரிச்சிருக்கோம்.”

பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு: “நாங்க எல்லாரும் எடுத்தோம். அவன் ஆலை கேட்டைத் தாண்டி ஒரு சில்லுகூட எடுத்துட்டுப் போனதில்ல. அதனால அவனை பிஷப்னுதான் கூப்பிடுவோம்.”

நவம்பர் 8
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், எனக்காகத் திருடிக் கொண்டுவந்தது என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்தேன். அப்போதெல்லாம் எழுந்து அடுப்புக்குக் கரி போடப் போவார். திருடல, கடையில வாங்கினதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன கோவிச்சுக்கிட்டா இருப்பேன்? — கோவிச்சுக்கிட்டிருப்பேனோ?

கூட்டம் முழுக்க வெட்டுக்காரர்கள், பார்த்ததும் தெரிந்துவிடும் என்கிறார் நிக்கி. தன் வீட்டு கிளாஸ் ஒன்றைத் தருகிறாராம். வேண்டாம் என்றேன்.

நவம்பர் 10
பூசையில் அதே கிளாஸை நானே பீடத்துக்குக் கொண்டுபோனேன். பெஞ்சுகளில் இருந்தவர்கள் கிளாஸைப் பார்த்தார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வாசலில் பழைய ஃபோர்மேன் டோபின் என் கையைப் பிடித்தார். “அருமையான வேலை, மிஸஸ் ஃபெலன்.” பின்னால் நின்றவர்களும் அதையே சொன்னார்கள், ஒருவர் பின் ஒருவராக. யாராவது சிரித்திருக்கலாம்; யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 15
ஒன்றுமில்லை. மழை.

டிசம்பர் 21
ரோஷீன் கிளாஸ்களைக் கேட்டு வந்தாள். பிள்ளைகளுக்குத் தாத்தா கைவேலையைக் காட்ட வேண்டுமாம். செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“பிடிபட்டிருந்தா அப்பாவை வேலைய விட்டே தூக்கியிருப்பாங்கல்லம்மா?”

“ஆமா.”

“உனக்காகத்தானே செஞ்சாரு.”

எனக்காகத்தான் என்றேன். அடுத்த கிளாஸை எடுத்தேன்.