காபிக்கு முன்னால் எழுந்து வந்தோம்

பிளானோ, டெக்ஸாஸ்
9-2-2000

அன்புள்ள ஷ்யாமளாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அப்பாவின் முழங்காலைத் தவிர. அது ஐஸ் விழுந்த நாளிலிருந்து தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காகப் போர்த்திக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் அல்வாரோ பெயரை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது அம்மிணி. காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து படி, ஆனால் கடைசி வரைக்கும் படி.

முதலில் வீட்டுச் சேதி. போன மாதக் கடைசியில் இங்கே மழை விழுந்த இடத்திலேயே உறைந்து ரோடெல்லாம் கண்ணாடி ஆகிவிட்டது, ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, நானும் அப்பாவும் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கேஸ் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். வருஷம் இரண்டாயிரம் ஆனதும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ரிச்சர்ட்சன் ஆபீசில் அப்பாவைக் காவலுக்குப் போட்டார்களே, அவர் வீட்டுக்கு வந்து "ஒண்ணுமே ஆகலை" என்று ஏமாந்துபோனவர் மாதிரி சொன்னார். தம்பி ஆஸ்டினில் பாடத்தை மாற்றிக்கொண்டு சரித்திரம் படிக்கப் போகிறேன் என்கிறான். அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை, பிறகு "எதையோ ஒண்ணைப் படிச்சு முடிச்சாச் சரி" என்று விட்டுவிட்டார். உனக்கு ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அப்பா மனசு மாறாதவர் என்று நீயாகவே ஒரு முடிவு வைத்திருக்கிறாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலன்று நீ போனில் சொன்னது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "அவங்க வீட்ல நாம வேண்டாம்னு நினைச்சுட்டாங்க, நம்ம அப்பாவும் வேண்டாம்னுதான் எழுந்து வந்தார், நடுவுல நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடறது, டெக்ஸாஸுக்கே ட்ரான்ஸ்பர் கேட்டுட்டேன், மார்ச்சில் சைன் பண்ணணும், விட்டுடுங்கம்மா" என்றாய். நீ திரும்பி வருகிறாய் என்றால் எனக்குச் சந்தோஷம்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் குரலோடு வருகிற பெண்ணை வாசலில் நின்று எப்படி வரவேற்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான், போன ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விளங்கியதை நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை அவசரம்.

நவம்பரில் சரகோசாவில் அல்வாரோ வீட்டுக்குச் சாப்பிடப் போனதை உன் பக்கத்திலிருந்து நீ பார்த்தாய். எங்கள் பக்கத்திலிருந்து கேள். இரண்டு மணிக்கு வரச் சொன்னார்கள், நாம் இரண்டுக்கே மணி அடித்தோம், அல்வாரோவின் அம்மா ஈரத்தலையோடு ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே கதவைத் திறந்தார். நீ தடுப்பதற்குள் அப்பா வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நின்றார், அவர்கள் எல்லோரும் அவர் காலையே பார்த்தார்கள். அல்வாரோவின் அப்பா எவாரிஸ்தோ என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தபோது உன் அப்பா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதெல்லாம் போகட்டும், ஊருக்கு ஊர் வழக்கம் என்று அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சமையலறையில் பன்றித் தொடையை முழுசாகக் கட்டித் தொங்கவிட்டிருந்ததைக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் நீ டெக்ஸாஸில் வளர்ந்தவள், உனக்கு ஒன்று தெரியாது. நம் பக்கம் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடியாமல் கை நனைக்க மாட்டோம். தண்ணீர் குடிக்கலாம், அவ்வளவுதான். பொண்ணைக் கொடுக்கிறோம், எடுக்கிறோம் என்று இரண்டு பக்கமும் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இலை போடுவார்கள். சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் அது இரண்டு வீட்டுக்கும் கேவலம். அப்பா பொள்ளாச்சிப் பக்கத்து நஞ்சப்பன், ரிச்சர்ட்சனில் எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் அது அவரை விட்டுப் போகாது. ஆலிவ் காயைக் கையில் கொடுத்து நிற்க வைத்தபோது இப்போது பேசுவார்கள் என்று இருந்தார். மேஜைக்குக் கூப்பிட்டபோது என்னைப் பார்த்தார், நான் கண்ணைக் காட்டினேன், சரியென்று உட்கார்ந்து கை நனைத்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே யாருக்குத் தெரியும்? சூப் வந்தது, மீன் வந்தது, ஆட்டுக்கறி வந்தது. அவர்கள் மழையைப் பேசினார்கள், கால்பந்தைப் பேசினார்கள், யாரோ ஒரு சித்தப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பேசினார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் எனக்குச் சண்டையோ என்றுகூட வந்தது. உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழம் வந்து, அதையும் சாப்பிட்டு முடித்த பிறகு அப்பா எழுந்து கும்பிட்டார். நீ அவர் கையைப் பிடித்து "அப்பா, காபி வருது" என்றாய். அவர் "எனக்குக் காபி வேண்டாங்கண்ணு, கிளம்பலாம்" என்றார்.

உன் வீட்டுக்கு வந்து நீ குளிக்கப் போனபோது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "பொண்ணைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே சாந்தா. வேண்டாங்கறதை இவ்வளவு மரியாதையாச் சொல்றாங்க." கேட்டாயா? அவர் வேண்டாம் என்று எழவில்லை, அவர்கள்தான் வேண்டாம் என்கிறார்கள் என்று நினைத்து எழுந்தார். இன்னொன்றும் உனக்குத் தெரியாது, சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், இப்போது அவரே சொல்லிவிடு என்று விட்டுவிட்டார். அன்றைக்கு என் கைப்பைக்குள் வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் இருந்தன. இங்கே நம் கடையில் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, ஏர்போர்ட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே எடுத்து வந்தோம். அந்தம்மாவுக்கு அரக்கில் பச்சைக் கரை போட்ட பட்டும் எடுத்து வந்தோம். பேச்சு முடிந்ததும் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு உறுதி பண்ணிவிடலாம், கல்யாணத்தை அவர்கள் கோயிலில் ஒன்று நம் கோயிலில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்று பிளேனில் என்னிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஊருக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தபோது வெற்றிலை கறுத்திருந்தது. குப்பையில் போட என்னை விடவில்லை, அவரே எடுத்துப்போய் ரோஜாச் செடிக்கு அடியில் குழி தோண்டிப் போட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை கதை. அப்பா ஆபீசில் இக்னாசியோ என்று ஒருவர், அல்வாரோ நாட்டுக்காரர்தான், பில்பாவ் ஊர், இரண்டு வருஷ வேலைக்காக மனைவியோடு இங்கே வந்திருக்கிறார். ரொம்ப நாளாகக் கூப்பிட வேண்டும் என்றிருந்தோம், மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னோம். பன்னிரண்டரை என்றால் ஒன்றேகாலுக்கு வந்தார்கள். அரிசியும் பருப்பும் சாதம், கோழி வறுவல், கெட்டித் தயிர் எல்லாம் ரசித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடிந்ததும் நம் வழக்கப்படி தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், குங்குமம் வைத்துக் கொடுத்தேன். தாம்பூலம் கையில் வந்தால் எழுந்து கிளம்பிவிடுவதுதானே. அந்தப் பெண் தேங்காயை அழகு பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்பா "நாளைக்கு ஆபீஸ் இருக்கில்ல" என்று இங்கிலீஷில் ஜாடை சொன்னார், இக்னாசியோ ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், இவர்கள் மூன்று நாளையும் ஒரே மத்தியானத்தில் இருந்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று எனக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்துவிட்டது. காபி குடித்தாலாவது கிளம்புவார்கள் என்று டிகாஷன் இறக்கி நாலு டம்ளர் கொண்டுவந்து வைத்தேன்.

இக்னாசியோ ஒரு வாய் குடித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். பிறகு சொன்னார், அவள் முழுகாமல் இருக்கிறாளாம், இதற்கு முன் ஒன்று தங்கவில்லையாம், டாக்டர் படுக்கையை விட்டு அதிகம் எழக்கூடாது என்றிருக்கிறாராம், இங்கே அவர்களுக்கு மனிதர் யாரும் இல்லையாம், நான் அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் வந்தார்களாம். அந்தப் பெண் அழுதுவிட்டாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், இது ஒரு கேள்வியா என்று சொன்னேன். (செவ்வாயும் வெள்ளியும் போகப் போகிறேன், நேற்று ரசம் கொண்டுபோனேன், பிடித்திருந்தது.) அப்பாதான் விடவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை வாசலில் வந்ததுமே சொல்லியிருக்கலாமே, இத்தனை நேரம் ஏன் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். அதற்கு அவர், சாப்பிடும்போது அதை எடுத்தால் காரியத்துக்காக வந்த மாதிரி ஆகிவிடாதா, எங்கள் ஊரில் சாப்பாடு சாப்பாட்டுக்காக, முக்கியமான பேச்சு காபிக்குப் பிறகுதான், அதற்காகத்தானே எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம் என்றார். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காபிக்கு முன்னால் ஒருவர் எழுந்து போய்விட்டால் என்று கேட்டார். இக்னாசியோ இது ஏதோ வேடிக்கைக் கேள்வி என்று நினைத்துச் சிரித்தார். எழுந்து போனவருக்குப் பேசுவதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம், அதற்கு மேல் யாரும் அவரிடம் கேட்க மாட்டோம் என்றார்.

அவர்கள் போகும்போது வெளியே இருட்டிவிட்டது. அப்பா தானாக வந்து பாத்திரம் துடைத்தார், அவர் அப்படி வந்தாலே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "சாந்தா, நாம எந்திரிச்சப்ப அந்தம்மா கையில காபி இருந்துச்சா?" என்றார். இருந்தது ஷ்யாமளா, நீயும் பார்த்திருப்பாய். நல்ல கோப்பையாக எடுத்து, தட்டில் அடுக்கி, சமையலறை வாசலில் நின்றார். நான் "தட்டோட நின்னாங்க" என்றேன். அப்பா துணியை அப்படியே வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய்விட்டார். அவர் அழுவதை நான் பார்க்கக்கூடாது என்று காருக்குள் உட்கார்ந்துகொள்வார், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். எனக்கும் அழுகைதான் வந்தது. உன் மேலும் கொஞ்சம் கோபம் வந்தது, மூன்று வருஷமாக அங்கே இருக்கிறாயே, காபிக்கு இவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று. பிறகு யோசித்தால் உனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது, கை நனைப்பதை உனக்குச் சொல்ல எனக்கும் தோன்றவில்லையே.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சரகோசாவுக்கு ரயில் ஏறு, எந்த ஞாயிறு என்று எங்களுக்கு முன்பே போனில் சொல்லிவிடு. அல்வாரோவிடம் முன்பே எல்லாவற்றையும் சொல், அவன் இத்தனை நாள் உனக்குப் போன் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். சரியாக இரண்டு மணிக்குப் போய் நிற்காதே, கொஞ்சம் தாமதமாகவே போ, ஷூவைக் கழற்றாதே. சாப்பிடும்போது ஒன்றும் எடுக்காதே. காபி வந்த பிறகு நான் எழுதியதை அப்படியே சொல், கை நனைப்பதைச் சொல், வெற்றிலை பாக்கைச் சொல். அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு, இங்கே காலை பத்து, அப்பா அந்த வீட்டுக்குப் போன் பண்ணுவார், நீ பக்கத்தில் இருந்து இரண்டு பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். எவாரிஸ்தோ எவ்வளவு நேரம் பேசினாலும் இவர் வைக்க மாட்டார், அது என் பொறுப்பு. எல்லாம் கேட்ட பிறகும் அவர்களுக்கு விருப்பமில்லை என்றால், சரி, வாயால் சொல்லட்டும், நாமும் காதால் கேட்டுக்கொள்வோம், நீ தாராளமாக ட்ரான்ஸ்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. யாரும் சொல்லாத ஒரு வேண்டாமுக்காக நீ அந்தப் பையனை விட்டுவிட்டு வராதே கண்ணு.

மற்றபடி ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பிடுவதை மட்டும் அவர்களிடம் கற்றுக்கொள்ளாதே, வயிற்றுக்கு ஆகாது. போன தடவை அனுப்பிய ரசப்பொடி தீர்ந்திருக்கும், அடுத்த வாரம் அனுப்புகிறேன். நீ எல்லா நலமும் பெற்று நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நம் மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை மறக்காதே.

என்றும் உன் நலம் நாடும் அம்மா,
சாந்தாமணி

அப்பா கடிதத்தை வாங்கிப் படித்தார். கராஜ் விஷயத்தை அடிக்கச் சொன்னார், நான் அடிக்கவில்லை. கீழே இருக்கிற வரி அவர் கையெழுத்து.

ஷ்யாமா, எனக்குச் சம்மதம். அன்றைக்கும் சம்மதம்தான். – அப்பா