சன்னாசியின் தப்பு

புக்கிட் பெலண்டோக் தோட்டம்,
5-7-2603

அன்பு மகள் செல்லத்துக்கு, உன்னைப் பெற்றவர் விட்டுப்போன இடத்தில் நின்று வளர்த்த சித்தப்பா ராமசாமி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி முத்தாயியும் மரவள்ளிக்கிழங்கின் அருளால் சுகம். தைப்பிங்கில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதினால் எங்கள் வயிறு பாதி நிறையும், மீதிக்கு மறுபடியும் கிழங்குதான். மேலே வருஷத்தைப் பார்த்துச் சித்தப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைக்காதே. ஜப்பான்காரன் கணக்கில் இது 2603. ஒரே தாவலில் எனக்கு அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது, முழங்கால் வலிக்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. கடிகாரத்தையும் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். சேவல் மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் நேரத்துக்கே கூவுகிறது, அதை எப்போது பிடித்துக்கொண்டு போவார்களோ தெரியாது. தபாலில் போட்டால் நாலு பேர் பிரித்துப் படிப்பார்கள் என்று லாரிக்கார யாக்கூப் கையில் கொடுத்தனுப்புகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

விஷயம் உன் சன்னாசி மாமாவைப் பற்றியது. பயப்படாதே, உன் சித்தியின் தம்பி இன்னும் இங்கேதான் இருக்கிறான். ஆனால் ஏப்ரல் மாதமே சயாமுக்கு ரயில் பாதை போடப் போயிருக்க வேண்டியவன். தோட்டத்தில் ஒவ்வொருவனுக்கும் என்ன தெரியும் என்று பட்டியல் எடுத்தார்கள். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் தமிழில் கேட்டு, ஜப்பான் துரைக்காக மலாய் மொழியில் எழுதினார். நம்மவன் நெஞ்சை நிமிர்த்தி, தப்பு அடிப்பேன் ஐயா, இருபத்திரண்டு வருஷமா அடிக்கிறேன், எங்க அப்பன் கத்துக்கொடுத்தது, கூப்பிட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கும் போய் அடிப்பேன் என்று ஒப்பித்திருக்கிறான். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஊரில் அதற்குப் பறை என்றுதான் பெயராம், தப்பு என்றால் அவருக்குக் குற்றம் ஒன்றுதான் தெரியும். மனிதர் சாலா என்று எழுதிவிட்டார், மலாயில் அதற்கும் குற்றம் என்றுதான் அர்த்தம். ஆக, துரை படித்தது என்ன? சன்னாசி, தெரிந்த தொழில் குற்றம் செய்வது, அனுபவம் இருபத்திரண்டு வருஷம், தகப்பன் சொல்லிக்கொடுத்தது, அழைத்தால் வெளியூருக்கும் போய்ச் செய்வான். இப்படி ஒளிவுமறைவில்லாத கேடியை அவர் வாழ்நாளில் கண்டதில்லை போலும், சயாம் பட்டியலில் முதல் பெயராகப் போட்டுவிட்டார். பங்குனியில் லாரியில் ஏற்றிப்போன முப்பது பேரில் ஒருத்தன் கையெழுத்துகூட இன்னும் வரவில்லை, செல்லம். உன் சித்தி மண்ணில் புரண்டு அழுததில் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் கிணறு வெட்டிய மாதிரி பள்ளம் விழுந்துவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி காலையில் அவர்கள் சக்கரவர்த்தியின் பிறந்தநாள் கும்பிடு முடிந்த கையோடு சன்னாசியையும் அவன் தப்பையும் இழுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். ஐயா, இது குற்றமில்லை, கொட்டு என்று சொன்னேன். அமிர்தலிங்கம் முகம் வெளுத்தபடி மொழிபெயர்த்தார். இந்தத் துரை இருக்கிறாரே, அவருக்குச் சங்கீதப் பைத்தியம். மேசைமேல் ஒரு தடித்த நோட்டு, வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம், அந்தத் தேதியில் உலகத்தில் எந்த வித்துவான் பிறந்தான், எந்தப் பாட்டு முதலில் அரங்கேறியது என்று எழுதி வைத்திருக்கிறார். நோட்டைத் தட்டிக் காட்டி, சங்கீதம் என்றால் அதற்குச் சரித்திரம் வேண்டும், இதே ஏப்ரல் இருபத்தொன்பதில் இந்தக் கொட்டு என்ன சாதித்தது, சொல், இல்லையென்றால் இவன் சயாமுக்குப் போகட்டும் என்றார்.

என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாததா. வெள்ளைக்காரன் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோராம் வருஷம் இதே நாளில் சன்னாசியின் அப்பன் அடித்த அடியில் லுக்குட் ரோட்டோரம் நாற்பது ரப்பர் மரம் கத்தி படாமலே பால் விட்டது என்றேன். இருபத்தாறாம் வருஷம் இதே நாளில் லயத்துக்குள் வந்த புலி, தாளம் கேட்டு மனம் திருந்தி, அன்றிலிருந்து புல் தின்கிறது என்றேன். முப்பத்தைந்தில் இதே நாளில் வெள்ளைக்காரத் துரைசாணியின் பியானோ வெட்கப்பட்டு ஊமையாகிவிட்டது என்றேன். அமிர்தலிங்கம் என் காதருகே குனிந்து, அண்ணை, கொஞ்சம் குறையுங்கோ, மலாயில இவ்வளவு பொய்க்குச் சொல் இல்லை என்று கெஞ்சினார். துரை மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அடித்துக் காட்டச் சொன்னார். சன்னாசி தோல் விறைக்க வாசலில் லாலான் புல்லைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினான். துரை எட்டிப் பார்த்து, இது சமைத்துத் தின்கிறதா என்று கேட்டார். பிறகு அவன் அடித்தான் பார், என் பொய்களில் பாதி உண்மைதானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தீர்ப்பு என்ன தெரியுமா? தினம் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அந்தந்தத் தேதியின் தோட்டத்துச் சங்கீத சரித்திரத்தை நான் வாசிக்க வேண்டும், சன்னாசி கொட்ட வேண்டும். ஒரு நாள் சரித்திரம் இல்லாமல் போனால் மறுநாள் லாரியில் சன்னாசி. இன்றோடு அறுபத்தேழு நாள் ஓட்டிவிட்டேன். கொசு முதன்முதலாகச் சுருதி சேர்த்த நாள், அடுத்த வீட்டு மங்கம்மாவின் அம்மிக்கல் ராகம் பாடிய நாள் என்று போய்க்கொண்டிருக்கிறது. சன்னாசி இதையெல்லாம் நம்பத் தொடங்கிவிட்டான், புலியைப் பற்றி நேற்று என்னையே திருத்தினான்.

நேற்றுக் காலை கைவசம் ஒன்றும் இல்லை. துரை நோட்டைத் திறந்துவிட்டார், சன்னாசி என்னையே பார்க்கிறான். உன் ஆறு வயதில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் நீ பாடியது பளிச்சென்று நினைவுக்கு வந்தது. நீ வாயைத் திறந்ததும் சனமெல்லாம் எழுந்து போனார்களே, அதைக் கொஞ்சம் திருத்தி, சனமெல்லாம் உருகி எழுந்து நின்றார்கள் என்று வாசித்துவிட்டேன். சன்னாசி பிழைத்தான். ஆனால் துரைக்குக் கண் கலங்கிவிட்டது, நீ இப்போது இருக்கும் ஊரை என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு, அந்தப் பாடகியின் பாட்டைக் கேட்டே ஆக வேண்டும் என்று தைப்பிங்குக்கு ஆள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.

மாப்பிள்ளையை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல், அவருக்கும் உனக்கும் ஒரு குறையும் வராது, மகமாயி துணையிருப்பாள். யாக்கூப் திரும்பும்போது பதில் கொடுத்தனுப்பு. ஒன்றை மட்டும் மறக்காதே தாயி: ஆள் வந்து கூப்பிட்டால் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, தொண்டை கட்டி மூன்று மாசம் ஆகிறது என்று கையால் காட்டு. எந்தக் காரணம் கொண்டும் பாடிவிடாதே. நீ பாடினால் சன்னாசி மட்டுமில்லை, தோட்டமே சயாமுக்குப் போக வேண்டியதுதான்.

இப்படிக்கு,
அறுநூற்றுச் சொச்சம் வயது கூடிய உன் சித்தப்பா,
ராமசாமி